மூடிய குழாய், ஓடும் மீட்டர்

"மச்சான், கதவைத் திற! குளிச்சது போதும்!"

குளியலறைக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார் கணக்காளர். தண்ணீர் பில் இரண்டு மடங்காகியிருந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்திருப்பவன் மனைவியின் தம்பி மட்டும்தான். கணக்காளரின் மூளை, வழக்கம்போல அவரைக் கேட்காமலே, தீர்ப்பு எழுதிவிட்டது.

கதவு திறந்தது. மச்சான் தலைமுடிகூட நனையாமல், கையில் பெட்டியோடு நின்றான்.

"குளிக்க வரல அத்தான். என் சோப்பை எடுக்க வந்தேன். காலையிலேருந்து நீங்க பில்லைப் பத்திப் புலம்புறது காதுல விழுந்துச்சு. நான் கிளம்புறேன்."

"அவன் போனா நானும் போறேன்," என்றாள் மனைவி. "பெரிய துப்பறியும் சிங்கம்! எல்லாக் குழாயையும் மூடிட்டு மீட்டரைப் போய்ப் பாருங்க."

மூடினார்கள். மீட்டர் முள் அப்போதும் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மச்சான் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியில் காதை வைத்தான். மூடியைத் தூக்கிக் கையை விட்டான். ஊறிப்போன செங்கல் ஒன்று வெளியே வந்தது. அதிலிருந்து உதிர்ந்த துண்டுகள் அடியில் இருந்த ரப்பர் மூடியில் சிக்கி, தண்ணீரைச் சத்தமில்லாமல் ஒழுகவிட்டிருந்தன.

"இதுக்குள்ள செங்கல் எப்படிங்க வந்துச்சு?" என்றாள் மனைவி.

"முதல்ல அந்தப் பெட்டியை உள்ள கொண்டுபோய் வை, மச்சான்," என்றார் கணக்காளர், சுவரைப் பார்த்தபடி.

மச்சான் வருவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் ஒரு செங்கல் அளவு தண்ணீர் மிச்சமாகட்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் அதை உள்ளே இறக்கிவைத்து, தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டவர் அவரேதான்.