சாப்பாடு ஆறிப்போன வெள்ளிக்கிழமை

தண்ணீர் வாரிய அலுவலகத்தில் முந்நூற்று எண்பது பேர். முந்நூற்று எண்பது மேசைக்கடியிலும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் பெட்டி. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரோடு உலக நடப்பையும் பேசிவிட்டு வந்தால்தான் திரை கண்ணைத் திறக்கும். வாரத்துக்கு நாலு பெட்டி மண்டையைப் போடும். அதற்குள் இருந்த கடிதங்களும் கூடவே போய்ச் சேரும். இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டும் பொறுப்பு கம்ப்யூட்டர் பிரிவின் இன்ஜினியர் பெண் தலையில் விழுந்தது. விழுந்ததா, அவளே போய்த் தலையைக் கொடுத்தாளா என்று கேட்டால், கொடுத்தாள் என்பதுதான் சரி.

அவள் போட்ட திட்டம் கேட்க எளிது. மேசைக்கு ஒரு சோப்பு டப்பா அளவுக் கருவி, தின் கிளையன்ட் என்று பெயர். அதற்குள் சரக்கு ஒன்றும் கிடையாது. திரையையும் கீபோர்டையும் சர்வரோடு சேர்த்து வைப்பதோடு அதன் கடமை தீர்ந்தது. வேலையெல்லாம் நடப்பது இரண்டு பெரிய சர்வர்களில். நம்பர் ஒன்று தரைத்தளத்தில், நம்பர் இரண்டு மூன்றாம் மாடியில். ஆளுக்குப் பாதிப் பேரைப் பார்த்துக்கொள்ளும். யார் எந்த எழுத்தைத் தட்டினாலும் இரண்டிலும் பதிவாகும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது அந்த நொடியே மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கொள்ளும். தட்டிக்கொண்டிருப்பவருக்குத் தெரியவே கூடாது. கேபிள்கள் இரண்டு வெவ்வேறு வழியாக, கரண்ட் இரண்டு வெவ்வேறு லைனிலிருந்து. எட்டு மாதம் வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் வரைபடம் கிடந்தது.

எதிர்ப்பு கிளம்பியதும் அதே சாப்பாட்டு மேசையிலிருந்துதான். வாரியத்தின் பெரிய கிளார்க் அவளுடைய மாமனார். ஆபீஸில் "சார்", வீட்டில் "மாமா". அவர் தரைத்தளத்தில் ஒரு இருமல் இருமினால் மூன்றாம் மாடியில் ஃபைல் நகரும். அப்படிப்பட்ட மனிதருக்குப் புதுக் கருவியின் மேல் என்ன கோபம்? வேகம் போதவில்லையா, எழுத்து தெரியவில்லையா? அதெல்லாம் இல்லை. அதில் சூடு இல்லை.

பழைய பெட்டியின் தலை எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒன்பதரைக்கு அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைப்பார். பதினொன்றுக்கு ஒருமுறை திருப்பி வைப்பார். ஒரு மணிக்குத் திறந்தால் ஆவி பறக்கும். கட்டடத்துக்குள் அடுப்பு எதுவும் கூடாது என்று வாரியத்தில் விதி. அதனால் அவரைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். பழைய பெட்டிகளை எடுத்துவிட்டு வைத்த சோப்பு டப்பாவோ தொட்டால் சில்லென்று இருந்தது.

"பதினாலு வருஷமா சுடச்சுட சாப்பிட்டேன். சொந்த மருமக வந்து ஆற வெச்சுட்டா," என்றார் மாமா, புதுக் கருவி வந்த அன்று இரவே, மேசையில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே, சுவரைப் பார்த்து.

"அவ என்ன பண்ணுவா? வேணும்னா செஞ்சா?" என்றாள் அத்தை.

"வேணும்னு செய்யலைன்னா ஆறின சாப்பாடு சூடாயிடுமா?"

அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டு யோசித்தாள். சர்வர் அறைகளின் அனல் காற்று சுவரில் இருந்த துவாரம் வழியாக நடைபாதைக்கு வந்துகொண்டிருந்தது. மறுவாரம் தச்சரைக் கூப்பிட்டு, இரண்டு துவாரங்களுக்கும் எதிரே கம்பிவலைப் பலகைகள் அடிக்கச் சொன்னாள். ஒரே வாரத்தில் அங்கே டப்பா வைக்கப் போட்டி வந்துவிட்டது. மாமாவும் தரைத்தளப் பலகையில், நட்ட நடுவில், தன் டப்பாவை வைத்தார். ஒரு நல்ல வார்த்தை? மூச்! இயக்குநரம்மாவிடம் மட்டும், "பலகை வேற, கம்ப்யூட்டர் வேற மேடம்," என்று சொல்லிவைத்தார்.

இயக்குநரம்மா கறார் பேர்வழி. இன்ஜினியரைக் கூப்பிட்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு எல்லாரையும் வெச்சுக்கிட்டு, மூணாம் மாடி சர்வரோட பிளக்கை நானே பிடுங்குவேன். ஒரே ஒரு திரை அணைஞ்சாலும் பழைய பெட்டியெல்லாம் திரும்பி வந்துடும். நீங்க மீட்டர் குடோனுக்குப் போகவேண்டியதுதான். எல்லாம் சரியா இருந்தா, முதல்ல பெரிய கிளார்க் கையெழுத்து, அப்புறம் என் கையெழுத்து."

எட்டு மாத உழைப்பு ஒரு பிளக்கிலும் மாமனாரின் பேனாவிலும் தொங்கியது.

வியாழக்கிழமை முழுக்க ஒத்திகை. சர்வர் விழும்போதெல்லாம் எச்சரிக்கை மணி வீல் வீல் என்று கத்தியது. காதைப் பொத்திக்கொண்டு வந்தவர்களின் தொல்லை தாங்காமல் மணியை ஊமையாக்கினாள். ஒத்திகை முடிந்த சந்தோஷத்தில் அதை மறுபடி பேசவைக்க மறந்துபோனாள். எட்டு மாதம் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டு தரம் எண்ணிய பெண்ணுக்கு இது மறந்துவிட்டது!

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்றாம் மாடி சர்வர் அறையிலேயே பழியாகக் கிடந்து, கேபிள்களை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒரு மணி சுமாருக்கு வாசலில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கக் கையில் டப்பாவோடு வந்து நின்றார் மாமா.

"மேடம், இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

"சார், இப்பவா?"

"தொடுங்க. ஐஸ் மாதிரி இருக்கு. உங்க பலகை லட்சணம் இவ்வளவுதானா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமா, இன்னைக்கு ஒருநாள் என்னை விட்டுடுங்க. மூணு மணிக்கு எனக்கு வாழ்வா சாவான்னு இருக்கு. உங்களுக்கு டப்பாதான் பெருசா?"

ஆபீஸில் அவரை மாமா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் குரல் இறங்கியது. "இல்லம்மா, ஒம்பதரைக்கே வெச்சேன். எனக்கு மட்டும் இல்லை, கீழ வெச்ச அத்தனை பேர் டப்பாவும் சில்லுன்னு இருக்கு. அதான் கேட்டேன்."

அத்தனை பேர் டப்பாவும். அவள் கேபிளைக் கீழே போட்டாள். நடைபாதைக்கு ஓடி, மூன்றாம் மாடித் துவாரத்தில் கையை நீட்டினாள். என்றுமில்லாத அனல் அடித்தது. இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் பார்க்கிற அனல்! அடுத்த நொடி படிகளில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தாள். மாமா டப்பாவை அங்கிருந்த பலகையிலேயே வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

தரைத்தள சர்வர் அறையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. நம்பர் ஒன்று செத்துக் கிடந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த எலக்ட்ரீஷியன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மூணு மணிக்கு அம்மா பேசறதுக்கு மைக் வேணும்னாங்க. கனெக்‌ஷன் எடுக்க பத்து மணிக்கு இந்த லைனை நிறுத்தினேன். அஞ்சே நிமிஷம்தான்னு நெனச்சேன். அப்புறம் ஸ்பீக்கர் கட்டப் போனேனா, மறந்தே போச்சு."

கரண்ட் போனால் தாங்க வைத்திருந்த பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்திருக்கிறது. பத்து நாற்பதுக்கு அதுவும் கைவிட்டுவிட்டது. அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணிக்கு இயக்குநரம்மா மேலே அந்தப் பிளக்கைப் பிடுங்கியிருந்தால் முந்நூற்று எண்பது திரையும் ஒன்றாக அணைந்திருக்கும். கூடவே இன்னொன்றும் உறைத்தது. இரண்டரை மணி நேரமாக ஒரு சர்வர் இல்லாமல் மொத்த ஆபீஸும் ஓடியிருக்கிறது, ஒரு ஈ காக்கைக்குத் தெரியவில்லை!

"இப்ப சுவிட்சைப் போட்டுடறேன். யாருக்கு என்ன தெரியப்போகுது?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"போடுங்க. ஆனா எனக்கு இது வாயில நிக்காது," என்று எழுந்தவள், நேராக இயக்குநரம்மா அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். மணியை ஊமையாக்கிய கதை உட்பட. மாமாவும் கூட வந்து கதவோரம் நின்றார்.

இயக்குநரம்மா மாமா பக்கம் திரும்பினார்.

"நீங்க தரைத்தளம்தானே? பத்து நாற்பதுக்கு உங்க திரை என்ன ஆச்சு? உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

ஒரே ஒரு பொய் போதும். 'லேசா மினுக்குச்சு மேடம்' என்றால் தீர்ந்தது. நாளைக்கே பழைய பெட்டி வந்துவிடும், மருமகள் மீட்டர் எண்ணப் போய்விடுவாள். அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தொண்டையைச் செருமினார்.

"அந்த நேரத்துல ஒரு கடிதம் அடிச்சிட்டிருந்தேன் மேடம். பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும். மூணு பக்கம்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். இந்தப் புது ஏற்பாடே வேண்டாம்னு."

இயக்குநரம்மாவின் புருவம் ஏறியது. "பாதியில ஏதாவது போச்சா?"

"ஒரு எழுத்து போகலை. ஒரு புள்ளிகூடப் போகலை. திட்டினதெல்லாம் திட்டினபடியே இருக்கு." அவர் கையைப் பிசைந்தார். "திரையில ஒண்ணுமே ஆகலை மேடம். சாப்பாடுதான் ஆறிப்போச்சு."

இயக்குநரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த பியூன் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டரை மணி நேரம் பிடுங்கிக் கிடந்தது போதாதா? நான் வேற எதுக்குப் பிடுங்கணும்? மைக்கைக் கழட்டச் சொல்லுங்க. நீங்க மொதல்ல போய் அந்த மணியைப் பேச வைங்க. அப்படியே வரைபடத்துல அந்தப் பலகையையும் சேர்த்துடுங்க. அது இல்லைன்னா இன்னைக்கு நம்ம மானம் போயிருக்கும்." ஃபைலை மாமா பக்கம் தள்ளினார். மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கொட்டையாக ஒரு கையெழுத்தைப் போட்டார். அதன்கீழே இயக்குநரம்மாவும் போட்டார்.

அவள் மணிக்குக் குரல் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மூன்றாம் மாடிப் படியில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டப்பா.

"உக்காரும்மா. காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடலைன்னு அத்தை போன் பண்ணிச் சொன்னா." மூடியில் பாதியைப் போட்டு அவளிடம் நீட்டினார். "பாத்து, சுடுது. கீழ ஆறினது மேல வந்து சூடாயிடுச்சு பாரு. நல்லாத்தான் பண்ணியிருக்கே. எனக்குப் பெருமையா இருக்கு."

அவளுக்குக் கண் நிறைந்து, மூடியில் இருந்தது மங்கலாகத் தெரிந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"தேங்க்ஸ் மாமா."

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கடிதத்தை அழிச்சுட்டேன். ரெண்டுலயும் அழிஞ்சிருக்குமில்ல?"

"ரெண்டுலயும் அழிஞ்சிருக்கும்."

"நல்லது. அத்தைக்குத் தெரிய வேண்டாம்," என்றார் மாமா, டப்பாவில் இருந்து இன்னொரு கரண்டி சோற்றை அவள் பக்கம் தள்ளியபடி.