நல்ல காற்று அடித்த வாரம்

மணலியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாரும் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. மூக்கே சொல்லிவிடும். மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தால் கம்பெனி நாற்றம் கடலோரத் திருவொற்றியூர்க்காரர்கள் தலையில் விடியும். கடல்காற்று எழுந்தால் மணலிக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரும வேண்டியதுதான். இரண்டு ஊருக்கும் ஒரே நேரத்தில் நல்ல காற்று கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

எத்திராஜ் அந்த நாற்றத்திலேயே வாழ்ந்து கிழவரானவர். உரக் கம்பெனி ஒன்றில் தலை நரைக்கும்வரை மூட்டை தூக்கியவர். எழுபதை நெருங்கும் வயது, பழைய சர்க்கரை, நாலு படி ஏறினால் விசிலடிக்கும் நெஞ்சு. கொரோனா யாரைத் தேடி அலைகிறதோ அந்த ஆள் அச்சு அசலாக இவர்தான் என்று மகள் மங்கைக்குத் தெரியும். தெரியாமல் எப்படி? அவள் வேலையே அதுதானே.

புருஷன் செத்த பிறகு அப்பாவோடு வந்து இருப்பவள் மங்கை. இரண்டாம் அலை ஊரை உலுக்கிய அந்த மே மாதத்தில், திருவொற்றியூரில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் விசாரிக்கும் வேலை அவளுக்கு. வீட்டில் வயசானவங்க இருக்காங்களா, சுகர் இருக்கா, மூச்சு வாங்குதா, வாசனை தெரியுதா என்று கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். எத்தனையோ கிழங்களை அவள் சண்டை போட்டு ஆம்புலன்சில் ஏற்றியிருக்கிறாள்.

அப்பாவுக்கு மட்டும் அவள் கிட்டேயே போகவில்லை. பயம்தான் காரணம். தினமும் நோய்க்குள் நுழைந்துவிட்டு வருகிறவள் அவர் மேல் மூச்சு விடலாமா? பையை வாசல் ஆணியில் மாட்டுவாள், பின்பக்கம் போய் பினாயில் வாடையோடு குளிப்பாள், சாப்பாட்டுத் தட்டை அவர் அறை வாசலில் வைத்துவிட்டு எட்ட நின்று பேசுவாள். தடுப்பூசி போட்டால் சுகர் எகிறும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். அவர் முரண்டு பிடித்தார். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் விட்டுவிட்டாள். அந்த விட்டுக்கொடுத்தலை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் குடலைப் பிடுங்கிய நாற்றம் மத்தியானம் திருவொற்றியூரை விட்டு விலகியது. அங்கே எப்படி என்று அப்பாவுக்குப் போன் செய்தாள். இங்கேயும் வாடையே இல்லை, காற்று மாறி அத்தனையையும் வேறு எங்கோ தள்ளிவிட்டது என்று கிழவர் சிரித்தார். அவளுக்கும் சந்தோஷம். அவர் நெஞ்சும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே. மறுநாளும் அதே பேச்சு, அதற்கடுத்த நாளும் அதே. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றும்போது லேசாக வாடை அடித்தது. காலையில் தன் துணியில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துத் துணியை அலசிப் போட்டாள். அப்பா சோற்றைப் பாதி மிச்சம் வைத்தார். வெயில் காலத்தில் யாருக்குத்தான் சோறு இறங்குகிறது?

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. மங்கை விழுந்தது இப்படித்தான்.

சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து பிற்பகலிலேயே திரும்பினாள். தெருமுனையிலேயே மாஸ்க்கைத் தாண்டி நாற்றம் மூக்கில் ஏறியது. தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாரம் முழுக்க இதே எழவுதான், மத்தியானம் ஆனால் போதும் என்று அலுத்துக்கொண்டாள். மங்கைக்குக் கால் நின்றுவிட்டது. வாரம் முழுக்கவா என்று கேட்டாள். கடல்காத்து எந்த மே மாசம் அடிக்காம இருந்துச்சு என்றாள் கன்னியம்மா.

அவர்கள் வீட்டு ஜன்னல் மட்டும் அகலத் திறந்து கிடந்தது. எத்திராஜ் சட்டையில்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

“நைனா, நாத்தம் தெரியலியா உனுக்கு?”

“இன்னா நாத்தம்? நல்லாத்தான கீது.”

எட்ட நிற்கும் கட்டுப்பாடெல்லாம் பறந்தது. ஆணியில் மாட்டப் போன பையைப் பிரித்து ஆக்ஸிமீட்டரை எடுத்து அவர் விரலில் மாட்டினாள். எண்பதைத் தொட்டுத் தொட்டு நின்றது எண். பேட்டரிக் கோளாறு என்று நினைத்துத் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். கருவியில் கோளாறு இல்லை. கிழவரோ, மூச்செல்லாம் ஒன்றும் வாங்கவில்லை, கொஞ்சம் அசதிதான் என்றார். நெஞ்சு விசிலடித்தே பழகியவருக்கு எது அதிகம், எது குறைச்சல் என்று எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் சாரி சாரியாக நின்றன, அவர்கள் வந்த வண்டியும் அதில் ஒன்று. இருட்டும் நேரத்துக்குத்தான் ஒரு டாக்டரம்மா வண்டிக்குள்ளேயே ஏறி வந்தாள். வயசு, சர்க்கரை, என்ன வேலை பார்த்தார், ஊசி போட்டாரா என்று கேட்டாள். மங்கை திருவொற்றியூரில் கதவு கதவாகக் கேட்ட அதே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் டாக்டரம்மா, வாசனை போய் எத்தனை நாளாச்சு என்றாள்.

மங்கை அப்பாவைப் பார்க்காமல், செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றாள். டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். படுக்கை கிடைக்குமா பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி இறங்கிப் போனாள்.

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் கிழவர் கண் மகள் மேலேயே இருந்தது. அவர் மூட்டை தூக்கியவர், ஆனால் முட்டாள் இல்லை. கையாட்டி அவளைக் கிட்டே கூப்பிட்டார். அவள் காதைக் கொண்டுபோனாள்.

“அப்ப... காத்து மாறலியா?”

உண்மையைச் சொல்லும் வேலையில்தான் மங்கை அத்தனை வாசல் ஏறி இறங்கினாள். இங்கே அவளால் முடியவில்லை. நல்ல காற்று அடித்த அந்த வாரத்தையாவது அவருக்கு விட்டுவைக்க வேண்டும் போலிருந்தது.

“மாறிச்சி நைனா. நெஜமாவே மாறிச்சி.”

அவர் நம்பவில்லை. அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் நம்பியவர் மாதிரித் தலையை ஆட்டி, அவள் புறங்கையை இரண்டு தட்டு தட்டினார். படுக்கை கிடைத்துவிட்டது என்று குரல் வந்தது. தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கூட வந்தவங்க இதோட நின்னுக்கணும் என்று ஒருவன் குறுக்கே கை நீட்டினான். அதற்கப்புறம் மங்கை அவரைப் பார்க்கவில்லை. முகத்தைக்கூட மூடித்தான் கொடுத்தார்கள்.