ஒரே இலக்கம், இரண்டு யானை

அந்த இலக்கத்தை மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே பதில்: இந்த நாணயம் ஏற்கெனவே வேறொருவரின் தொகுப்பில் உள்ளது.

நாணயமோ என் கையில் இருந்தது. 1815ஆம் ஆண்டு இலங்கைச் செப்புக்காசு. ஒரு பக்கம் இங்கிலாந்து ராஜா, மறுபக்கம் யானை. நிபுணர்கள் தரம் பார்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டு, இலக்கமும் கொடுத்த காசு. அந்த இலக்கத்தை இணையத்தில் பதிந்தால் நமது தொகுப்புக்குப் புள்ளி ஏறும், உலகச் சேகரிப்பாளர் வரிசையில் இடம் கிடைக்கும். ஒரு இலக்கம் ஒரு தொகுப்பில்தான் இருக்கலாம். பல நாட்டு யானைக் காசுகளில் ஏழு வருடமாக நான் இரண்டாம் இடம். இந்த யானை ஏறினால் முதலிடம்.

என் யானையை வைத்திருந்த தொகுப்பில் பன்னிரண்டே காசுகள். படங்களை வெளியாருக்குக் காட்டாமல் மறைத்திருந்தார்கள். பெயர், "எச். ஆர்., கண்டி".

ஆர் என்றால் றவூப். இதை எனக்கு விற்றவரே அவர்தான். போன வருடம் ஹஜ்ஜுக்குப் போய் வந்தார், ஆகவே எச் என்றால் ஹாஜி. விற்கும்போது, "இப்போதைக்கு நெட்ல போடாதீங்க ஜீவன்" என்று வேறு சொன்னார். அப்போதே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. நல்லதைக் கொடுத்தவன் எதற்கு ஒளிக்கச் சொல்ல வேண்டும்? ஒன்று, எனக்குப் போலியைத் தள்ளியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதே யானையை இன்னொருவர் தலையிலும் கட்டப் பார்க்க வேண்டும்.

'இது என்னிடம் இருக்கிறது' என்ற பொத்தானை அழுத்தி, படமும் அனுப்பினேன். மற்றவருக்கு மின்னஞ்சல் போகும், அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. அம்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறி, றவூப்பின் வீட்டைத் தேடிக் குண்டசாலைக்குப் புறப்பட்டேன்.

"கோயில்ல ஐயர் தர்ற விபூதியக்கூட மோந்து பாக்கிற ஆளு நீங்க," என்றாள் துஷ்யந்தி, என் மனைவி. "பன்னெண்டு வருச சிநேகிதம். போய் வாயக் கொட்டிட்டு வராதீங்க." சிநேகிதன் என்பதால்தான் பொறுக்க முடியவில்லை.

இதுவரை றவூப்பை அவருடைய கைக்கடிகாரக் கடையில்தான் சந்தித்திருக்கிறேன். வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"என்ன றவூப் நானா, என்னையும் ஏமாத்திட்டீங்களே? அந்த யானை..."

"மெதுவா!" கையைப் பிடித்து வீட்டின் பின்பக்கம் இழுத்துப் போனார். அங்கே சரிவை ஒட்டிப் புதிதாக ஒரு கொங்கிரீட் சுவர் நின்றது.

"உங்கட யானை இதுக்குள்ளதான் ஈக்குது," என்றார். "அந்தப் பெரிய மழைக்கு மண் சரிஞ்சு குசினி அடுப்பு வரைக்கும் வந்திச்சு. சுவர் கட்ட யானைய விக்கிறதத் தவிர வேற வழியில்ல. ஹபீலாட காசு அது. அவட வாப்பா குடுத்தது. பேங்க் லொக்கர்ல ஈக்குதுண்டு செல்லி வெச்சீக்கிறேன். அவ தொகுப்புலேந்து எடுக்கல்ல. ஒவ்வொரு நாளும் போன்ல யானையப் பாப்பா."

எச் என்றால் ஹபீலா. அவருடைய மனைவி, கடையில் பார்க்கும்போது நான் அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடுபவர். இவ்வளவு பெரிய மூளையை வைத்துக்கொண்டு எனக்கு அது தோன்றவில்லை.

"உண்மையான காசுதானா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன்.

"அல்லாஹ் அறிய."

பொத்தானை அழுத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆரு வந்தீக்கிற? ஜீவன் தம்பியா? நல்ல நேரம். உள்ளுக்கு வாங்க!"

ஹபீலா ராத்தா மேசையில் தேத்தண்ணீர் வைத்தார். கதிரையில் உட்காரும் முன்பே போனை என் கையில் தந்தார்.

"இதப் பாருங்க தம்பி. எவனோ ஒருத்தன் என்ட யானை அவன்ட கையில ஈக்குதுண்டு செல்றான். அதே நம்பர். படமும் போட்டீக்கிறான்."

படத்தில் என் வீட்டு மேசைவிரிப்பின் நீலப் பூக்கள் தெரிந்தன. நல்லவேளை, அந்தத் தளத்தில் என் பெயர் வெறும் 'மலைநாடு'.

"அப்ப லொக்கர்ல ஈக்கிறது என்ன?" என்றபடி அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். றவூப் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தாவின் முகத்தில் சந்தேகம் ஏறுவதைக் கண்டேன். கண்ணாடியில் நான் தினமும் பார்க்கும் முகம்தான் அது.

"நாளைக்கு லொக்கரத் தொறந்து பாப்பமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க செல்லுங்க தம்பி. நீங்க செல்றத நான் நம்புறேன். ஜீவன் லேசில ஒண்டையும் நம்ப மாட்டாருண்டு இவர் எப்பவும் செல்லுவார்," என்றார்.

போனைக் கண்ணருகே கொண்டுபோனேன். எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்க்க எதுவும் இல்லை. என் ஏழு வருட இரண்டாம் இடம் மட்டும் தெரிந்தது.

"போலி, ராத்தா," என்றேன். "உறைய அச்சடிச்சு, நல்ல காசோட நம்பரப் போட்டு விக்கிறானுங்க. ஒங்களுதுதான் அசல். லொக்கரத் தொறக்கணும்னு ஒண்ணுமில்ல."

"அப்ப இவன் கள்ளன்."

"ஆமா. கள்ளன்தான்."

மறுப்பு என்பதை அவர் அழுத்தினார். என் சட்டைப் பையில் போன் ஒரு தடவை அதிர்ந்தது.

றவூப் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சீனிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். தேத்தண்ணீரை மோந்து பார்க்காமல் குடித்தேன்.