முன்பே தெரிந்த ஆபத்து

கத்தரி வகுப்புக்குள் நுழைந்தாலே அவளுக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். ஒருவரால் இன்னொருவருக்கு நேர்ந்த தீங்குக்கு யார் பொறுப்பு என்று பேசும் தீங்கியல் சட்டம் நடத்துகிற அந்த வக்கீலுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தது மாணவர்கள்தான். யார் பேச வாயெடுத்தாலும் பாதியிலேயே நறுக்கிவிடுவார். வாரத்தில் இரண்டு நாள் பல்கலைக்கழகத்தில் பாடம், மற்ற நாள்களில் கோர்ட்டில் கம்பெனிகளுக்காக வாதம். அந்தக் கம்பெனிகளில் ஒன்று, அவள் அப்பாவின் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்ட சலவை ஆலை.

இது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எண்பது பேர் உட்காரும் வகுப்பில் நான்காவது வரிசைப் பெண்ணுக்கு அப்பா யார் என்று எந்த வக்கீல் விசாரிக்கப்போகிறார்? வேறு பாடத்துக்கு ஓடிவிடலாம் என்றால் இரண்டாம் ஆண்டில் தீங்கியல் கட்டாயம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா அந்த ஆலையில் பதினாறு வருஷம் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்த்தவர். சூடான உருளைகள் கொண்ட பெரிய மெஷின். இந்தப் பக்கம் ஈரத்துணியைக் கொடுத்தால் அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வந்து விழும். கை உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. கம்பி இருந்தால் துணி சிக்கும், வேலை தாமதமாகும், சூப்பர்வைசர் ஆலையே அதிரக் கத்துவான். அதனால் ஷிப்ட் தொடங்கியதும் எல்லோருமே கம்பியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். அப்பாவும் கழற்றினார்.

விபத்துக்குப் பிறகு ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டுப்போட்ட கையோடு வந்தவரைப் படம் பிடித்து, ‘கவனக்குறைவின் விலை’ என்று எழுதி, அதே மெஷினுக்கு மேலே ஒட்டினார்கள். படுபாவிகள்! புதிதாக வேலைக்கு வருகிறவனெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கையுறை மாட்டுகிறான். அப்பா வழக்குப் போட்டதே அந்தப் படத்துக்காகத்தான். “தப்பு என்னுது இல்லன்னு ஒரு ஜட்ஜ் எழுதிட்டாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்” என்பார். கம்பியைக் கழற்றினால் ஆபத்து என்று ஆலையில் ஒருவரும் சொல்லித் தரவில்லை, அவருக்கு அது தெரியவே தெரியாது என்று அவருடைய வக்கீல் மனுவில் எழுதியிருந்தார். வழக்கின் உயிரே அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

அன்றைக்குக் கத்தரி வகுப்பில் ஒரு கற்பனை வழக்கைச் சொன்னார்.

“ஒரு சலவைத் தொழிலாளி. தடுப்புக் கம்பியை அவனே கழட்டுறான். விரல் போகுது. இப்படி ஆகும்னு முதலாளி முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க முடியுமா? முடியும்னா முதலாளி பொறுப்பு. முடியாதுன்னா இல்ல. யாராவது சொல்லுங்க.”

முன்வரிசையில் ஒருத்தன், “முட்டாளுக்கெல்லாம் முதலாளியா சார் பொறுப்பு?” என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. கத்தரியும் சிரித்தார்.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து நின்றாள்.

“முடியும் சார். அந்த மெஷினைப் பார்த்த யாருக்குமே தெரியும்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“அந்தத் தொழிலாளிக்கே தெரிஞ்சிருந்ததே! ‘இந்த மெஷின் ஒரு நாள் என் கையத் தின்னத்தான் போகுது’ன்னு வீட்டுக்கு வந்து வாரத்துக்கு நாலு தடவை சொல்வாரு. படிக்காத எங்கப்பாவுக்குத் தெரிஞ்சது, படிச்ச முதலாளிக்குத் தெரியாதா?”

கத்தரி அன்றைக்கு நறுக்கவேயில்லை. முழுசாகப் பேசவிட்டார். கையிலிருந்த பேனாவைத் திறந்தார்.

“உங்கப்பாவா?”

“ஆமா.”

“தெரிஞ்சேதான் கழட்டினாரா?”

“கழட்டலைன்னா திட்டுவாங்க சார். எல்லாரும்தான்...”

“நல்ல வாதம். உக்காருங்க.”

உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நிரூபிக்கப்போய், அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்று எதிரி வக்கீலுக்கே எடுத்துக் கொடுத்துவிட்டாள். சட்டம் தெரியாதவள் இப்படி மாட்டியிருக்க மாட்டாள். இரண்டு செமஸ்டர் படித்தவள்தான் தன் கையாலேயே குடும்பத்தின் தலையில் மண்ணை வாரிப் போட முடியும். கத்தரியைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. அதைவிடத் தன் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அவன்கிட்டப் போயா வாயக் குடுத்த? ஒரு மணி நேரம் பொத்திக்கிட்டு இருக்க முடியாதாடி உனக்கு?”

“சிரிச்சாங்கம்மா.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க! அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்.”

அப்பா வந்தார். மூன்று விரல் கையால் செருப்பைக் கழற்றியபடியே, “இன்னைக்கு என்ன பாடம் வக்கீலம்மா?” என்றார். தினமும் கேட்பதுதான். தெருவில் போகிறவர்களிடமெல்லாம் அவளை அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார்.

“ஒண்ணுமில்லப்பா” என்றாள். மறுநாளும் அதையேதான் சொன்னாள்.

விசாரணை அடுத்த வாரம் வந்தது. அப்பா கூண்டில் நின்றார். கத்தரி நிதானமாக எழுந்து ஒரு தாளைப் பார்த்துப் படித்தார்.

“‘இந்த மெஷின் ஒரு நாள் என் கையத் தின்னத்தான் போகுது.’ இதை நீங்க வீட்டுல சொன்னதுண்டா?”

அப்பாவின் வக்கீல் துள்ளி எழுந்தார். “வீட்டுல பேசினது இவருக்கு எப்படித் தெரியும்?”

“எண்பது பேர் முன்னாடி இவரோட பொண்ணே சொன்னாங்க. என் மாணவி. அதோ, மூணாவது பெஞ்சுல இருக்காங்க.”

அப்பா திரும்பிப் பார்த்தார். இல்லைன்னு சொல்லுப்பா, ஒரே வார்த்தை, நான் பொய் சொன்னேன்னு சொல்லு, உளறிட்டேன்னு சொல்லு என்று அவள் மனதுக்குள் கதறினாள். அவர் முகத்தில் கோபமாவது இருந்திருக்கலாம். இல்லை.

“சொன்னீங்களா, இல்லையா?” என்றார் கத்தரி.

அப்பா நிமிர்ந்து நின்று ஜட்ஜிடம் சொன்னார்:

“எம்பொண்ணு சொல்லியிருந்தா சரியாத்தாங்க இருக்கும். அவ சட்டம் படிக்கிறவ. தப்பாச் சொல்ல மாட்டா.”

ஜட்ஜ் குனிந்து அதை எழுதிக்கொண்டார்.