இடுப்பில் இருப்பதை எண்ணுவதில்லை

கோவில்பட்டி அன்னை நகர் குடியிருப்பின் மைதானத்துக்கு தினமும் மாலை நாலரை மணிக்கு 1988ஆம் வருஷத்துப் பிள்ளைகள் விளையாட வந்தார்கள். குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழுவில் முறையாகத் தீர்மானம் போட்டுத்தான் அவர்களை வரவழைத்திருந்தார்கள். மூன்று மாதம் யாரும் கால் வைக்காத இடத்தை மைதானம் என்று சொல்ல முடியாது என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருந்தது. குடியிருப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள். நாற்பத்தொரு பேருக்கும் நாலரை மணிக்கு ஏதாவது ஒரு வகுப்பு இருந்தது. எண்பத்தெட்டில் பிள்ளைகள் உபரியாக இருந்தார்கள். கேட்டதும் அனுப்பிவிட்டார்கள்.

கிழக்குப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக இருபத்து மூன்று பேர் வருவார்கள். காவலாளி சுடலைமுத்து எண்ணி உள்ளே விடுவார். ஆறரைக்கு விசில் ஊதி, எண்ணி வெளியே அனுப்புவார்.

அவர்களில் ஒருத்தி வடிவுக்கரசி. அவளுக்குப் பத்து வயசு. அதே வடிவுக்கரசி, நாற்பத்தாறு வயசில், கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்க்கும் வேலை முடிந்து வந்து, இரண்டாம் மாடி பால்கனியில் துணி மடித்துக்கொண்டே அவளைப் பார்ப்பாள். கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று தோன்றியதில்லை. ஒன்று மட்டும் அவளுக்குப் புதிதாக இருந்தது. அந்த வயசில் தான் ஓடிக்கொண்டே இருந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். கீழே இருந்தவளோ ஓடவே இல்லை. மூன்று வயசுத் தம்பி சங்கரலிங்கத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஓடுவதை ஓரமாக நின்று பார்த்தாள். எப்போதாவது, "அவன் அவுட்டுல்லா, நான் பாத்தேன்" என்று கத்துவாள். அவ்வளவுதான் அவளுடைய ஆட்டம்.

ஒரு புதன்கிழமை வடிவுக்கரசியின் மகள் மிருதுளா மைதானத்துக்குப் போக வேண்டி வந்தது. அவளுக்கும் பத்து வயசு. 'அந்தக் காலத்து விளையாட்டுகள்' என்று பள்ளியில் ஒரு புராஜெக்ட். ஐந்து கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும். கீபோர்டு வகுப்பைப் பதினைந்து நிமிஷம் தள்ளிவைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டோடு இறங்கிப் போனாள்.

பால்கனியிலிருந்து வடிவுக்கரசி பார்த்தாள். மிருதுளா நேரே தம்பியை வைத்திருந்தவளிடம்தான் போனாள். சும்மா நிற்பவள் அவள் ஒருத்திதான். இருவரும் ஏதோ பேசினார்கள். பிறகு சின்ன வடிவு ஊஞ்சலைக் காட்டினாள். தம்பியை மிருதுளாவின் இடுப்புக்கு மாற்றினாள். ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தாள். காலை உந்தி உந்தி, கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். பதினைந்து நிமிஷம் தாண்டியது. கீபோர்டு டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். வடிவுக்கரசிக்கு மகளைக் கூப்பிட மனசு வரவில்லை.

விசில் ஊதியது. பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். இடுப்பில் சங்கரலிங்கத்தோடு மிருதுளாவும் போனாள். ஊஞ்சல் நின்றபோது மைதானத்தில் சின்ன வடிவு மட்டும் இருந்தாள்.

வடிவுக்கரசி கீழே ஓடினாள்.

"எண்ணிக்கை சரியா இருக்கு மேடம்," என்றார் சுடலைமுத்து. "இருபத்து மூணு வந்துச்சு, இருபத்து மூணு போச்சு."

"எம் பொண்ணு போயிட்டா அண்ணாச்சி."

"தம்பி யாரு இடுப்புல இருக்கானோ அவதானே அக்கா? அப்படித்தான் விட்டேன். இடுப்புல இருக்கிறத எண்ணுறது இல்ல." கதவைத் திறந்து காட்டினார். அந்தப் பக்கம் குப்பைத்தொட்டியும் ஒரு காரும் இருந்தன. "நாளைக்கு நாலரைக்கு வந்துருவாக."

மிருதுளாவின் கையில் ஒரு கடிகாரம் உண்டு. அவள் எங்கே இருக்கிறாள் என்று அது வடிவுக்கரசியின் போனுக்குப் புள்ளி வைத்துக் காட்டும். புள்ளி மைதானத்துக்குத் தெற்கே, வடிவுக்கரசி பிறந்து வளர்ந்த தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் நின்றது. இடம் சரிதான். வருஷம் காட்டுகிற வசதி அந்தக் கடிகாரத்தில் இல்லை. ஓசூரில் வேலை பார்க்கும் கணவருக்குச் சொன்னாள். "உங்க வீட்டுலதானே இருக்கா? பிறகென்ன," என்றார் அவர்.

உங்க வீட்டில்தான். அதுதான் வடிவுக்கரசிக்குப் பயமாக இருந்தது.

சின்ன வடிவு வீட்டுக்குள் வந்து சுவரோரமாக நின்றாள். "அத்தை, எங்க தம்பி அழுவானே," என்றாள். தோசை வைத்ததும் வேகவேகமாகச் சாப்பிட்டு, சரிபாதியை ஒதுக்கி வைத்தாள். வடிவுக்கரசி, "அது உனக்குத்தான்," என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள் வடிவுக்கரசி. மிருதுளாவிடம் தினமும் கேட்பது. பழக்கத்தில் வந்துவிட்டது.

சின்ன வடிவு திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையாவது கேட்கிறார்களோ என்று. பிறகு சொல்லத் தொடங்கினாள். கணக்கு டீச்சர் ஸ்கேலால் அடித்தது, ஈசுவரி சிலேட்டைத் தொலைத்தது, தொலைத்தது ஈசுவரி இல்லை தான்தான் என்பது. ஒரு மணி நேரம் சொன்னாள். அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை என்பதால் முந்தைய நான்கு வருஷத்துச் செய்தியும் பாக்கி இருந்தது.

மிருதுளாவின் அறைக்குள் அவளைப் படுக்கச் சொன்னபோது, கதவைத் தொட்டுப் பார்த்தாள். தாழ்ப்பாளை மேலும் கீழும் நகர்த்தினாள்.

"இத உள்ள இருந்து போட்டுக்கிடலாமா அத்தை?"

"போட்டுக்கோ."

"நான் மட்டும் உள்ள இருக்கும்போதா?"

"ஆமா."

தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. திறக்கும் சத்தம். மறுபடி போடும் சத்தம். அவள் பதினோரு முறை போட்டுத் திறந்தாள்.

வடிவுக்கரசி திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருக்கும் தம்பிக்குப் போன் செய்தாள். சங்கரலிங்கத்துக்கு இப்போது முப்பத்தொன்பது வயசு.

"சின்ன வயசுல ஒரு நாள் நான் இல்லாம வேற ஒருத்தி உன்னத் தூக்கி வச்சிருந்தாளே, ஞாபகம் இருக்காடா?"

"கண்ணாடி போட்ட அக்காவா? மறக்குமா!" என்றான். "அவளுக்குத் தூக்கவே தெரியாது. வாசப்படியில கீழ போட்டுட்டா. தாடையில தழும்பு இருக்குல்லா, அதான்."

"அம்மா அவள அடிச்சாளா?"

"ஓங்குனா. அதுக்குள்ள அவ எங்கிட்ட சாரி சாரின்னு அழ ஆரம்பிச்சிட்டா. பிள்ளகிட்ட மன்னிப்புக் கேக்குறத அம்மா அன்னைக்குத்தான் பாத்திருக்கா. ஓங்குன கை அப்படியே நின்னுடுச்சு. கை வலிக்குதுன்னு தைலம் போட்டா."

"சாப்பிட்டாளா?"

"கம்மங்கூழ் குடுத்தாக. இதுல என்னென்ன போட்டிருக்குன்னு கேட்டா. பிறகு அம்மாகூட உக்காந்து தீப்பெட்டி ஒட்டினா. இரு, இன்னும் ஒண்ணு ஞாபகத்துக்கு வருது. இப்பத்தான் வருதுக்கா. அவ தெருவுல ஓடுதா. என்ன இடுப்புல வச்சுக்கிட்டே ஓடுதா. எங்க போறோம்னு கேட்டேன். தெரியலை, யாரும் கேக்கலை, அதான் ஓடுறேன்னு சொல்லுதா."

போனை வைத்துவிட்டு வடிவுக்கரசி வரைபடத்தைப் பார்த்தாள். புள்ளி தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. ரயில் பாதை வரை போய்த் திரும்பியது. அவள் அதைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தாள்.

மறுநாள் நாலே கால் மணிக்குச் சின்ன வடிவு அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"நான் போகலை அத்தை," என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

வடிவுக்கரசி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். போகச் சொல்ல நாக்கு எழவில்லை. போனால் அவளுக்கு என்னவெல்லாம் வரும் என்று வடிவுக்கரசிக்கு ஒன்றுவிடாமல் தெரியும்.

"இந்த மாதிரி ஒரு கதவு எனக்கு எப்ப கிடைக்கும்?" என்று கேட்டாள் சின்ன வடிவு.

பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். பிறகு, "எனக்கு இன்னும் கிடைக்கலை. இது மிருதுளாவோட அறை. நான் ஹாலுல படுக்கேன்," என்றாள்.

உள்ளே அவள் கதவோரம் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அவளுக்கு இந்த அறைய யாரு குடுத்தது?"

"நான்."

"நான் போகலைன்னா?"

"யாரு குடுப்பா? தெரியலை."

அவள் யோசிப்பது வெளியே கேட்டது. "கேள்வி கேக்கிறதும் இருக்காதுல்லா? பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னு."

"அதுவும் நான்தான் கேக்கேன்."

தாழ்ப்பாள் திறந்தது. சின்ன வடிவு முகத்தைத் துடைத்திருந்தாள். "கதவுதான் கொண்டுபோக முடியாது. இத மட்டும் தருவீகளா?" என்று தாழ்ப்பாளைக் காட்டினாள்.

வடிவுக்கரசி திருப்புளி எடுத்து வந்து நான்கு திருகாணிகளையும் கழற்றித் தாழ்ப்பாளைக் கொடுத்தாள். அவள் அதைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாலரைக்குக் கிழக்குக் கதவு திறந்தது. மிருதுளா வந்தாள். தலையில் எண்ணெய் வழிந்தது, விரல் நகங்களில் பசை காய்ந்திருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். சின்ன வடிவு ஓடிப்போய்த் தம்பியை வாங்கிக்கொண்டாள். அவன் தாடையில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தது. மிருதுளா, "அவனுக்கு இந்தப் பக்கத்து இடுப்புதான் பிடிக்கும்," என்றாள். "தெரியும்," என்றாள் சின்ன வடிவு.

அன்று ஆறரை மணிக்கு விசில் ஊதிப் பிள்ளைகள் போன அரை நிமிஷத்தில் வடிவுக்கரசிக்குப் புதிதாக ஒரு ஞாபகம் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் தெரு வீட்டின் நடுவில் தான் ஒரு தாழ்ப்பாளைத் தரையில் வைத்து, அதைப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்து படிக்கிறாள். சுவர் இல்லை, கதவு இல்லை. அம்மா தீப்பெட்டிக் கூடையோடு வருகிறாள். தாழ்ப்பாளைப் பார்க்கிறாள். சுற்றிக்கொண்டு போகிறாள். அப்பாவும் சுற்றிக்கொண்டுதான் போகிறார். கல்யாணமாகிப் போகும்வரை அதைத் தாண்டி யாரும் வரவில்லை.

மிருதுளா புராஜெக்டில் ஐந்து கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே பதில் எழுதினாள்: 'கை காலியாக இருந்தவர்கள் விளையாடினார்கள்.' டீச்சர் பத்துக்கு ஏழு போட்டார்.

சனிக்கிழமை காலை திருப்பூர் பஸ்ஸில் சங்கரலிங்கம் வந்து இறங்கினான். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. காபி வேண்டாம் என்றான். நேரே மிருதுளாவின் முன்னால் போய் நின்றான்.

"மறுபடி வாரேன்னு சொல்லிட்டு, வரவே இல்லியே நீ," என்றான்.

"சாரி மாமா. கிளாஸ் இருந்துச்சு."

"இன்னைக்கு?"

மிருதுளா சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தாள். செஸ் வகுப்பும் இந்தி வகுப்பும் இருந்தன. "இன்னைக்கு ஒண்ணும் இல்லை," என்றாள்.

அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். மிருதுளா அவனை அக்குளில் பிடித்துத் தூக்கி, சரியான பக்கத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாடிப்படியின் முதல் படியில் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு பிடி கிடைத்துவிட்டது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவன் காக்கையைக் காட்டினான், அவன் பார்த்து முடிக்கும்வரை அவள் நின்றாள். இரண்டாவது சுற்றில் அவள் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். காலிலிருந்து நழுவி விழுந்த செருப்புகளை எடுத்துக்கொண்டு வடிவுக்கரசி பின்னால் நடந்தாள். சத்தம் போடாமல் வரும்படி மிருதுளா திரும்பிக் கண்ணைக் காட்டினாள்.