எத்தனையாவது பாகம்

அந்த வீட்டில் எழிலனை யாரும் வெறுக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய தொல்லை. வெறுத்தாலாவது ஒரு நாள் சண்டை போட்டு மறுநாள் சமாதானம் ஆகலாம். கயல்விழி வெறுக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை. அவனோடு மொட்டையாகப் பேசினாள்.

மொட்டையாகப் பேசுவது என்றால் என்னவென்று நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? "அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க." "கேஸ் வந்துருக்கு." "ஃபேன நிறுத்திடவா?" மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை; வாங்க போங்க எல்லாம் உண்டு. ஆனால் முன்னாலோ பின்னாலோ ஓர் அப்பா கிடையாது, மாமா கிடையாது, போனால் போகிறதென்று ஓர் அங்கிள் கூடக் கிடையாது. பதின்மூன்று வயசுப் பெண் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனுஷனை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே மாதக்கணக்கில் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமா என்ன? கயல் தள்ளினாள். அவன் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால் படியேறி வந்து அவன் திரும்பும் வரை நிற்பாளே தவிர, கீழிருந்து குரல் கொடுக்க மாட்டாள்.

கயலின் அப்பா அறிவழகன் மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மா அனுப்பிரியாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை. எழிலன் கடலூர்க்காரன், குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் இருக்கிறான். தெரிந்தவர்கள் மூலம் பேச்சு வந்து, அனுப்பிரியாவோடு ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்து, பெட்டி படுக்கையோடு சிதம்பரத்துக்கே வந்துவிட்டான். கயலின் பள்ளிக்கூடத்தை மாற்றக் கூடாது என்று சொன்னதே அவன்தான். தினமும் பஸ்ஸில் போய் வந்தான்.

அவனுடைய அக்கா ஜெயராணி கடலூரிலிருந்து போன் போட்டாலே இதே பாட்டுதான். "அப்பான்னு கூப்பிடச் சொல்லுடா. வாய் என்ன தேஞ்சா போயிடும்?"

"நீ சும்மா இரு அக்கா. அவளுக்கு அப்பா இருந்தாரு."

அப்படிச் சொல்லிப் போனை வைத்துவிடுவானே ஒழிய, மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அப்பா என்று கேட்க அவனுக்கு ஆசையில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து, உப்புச் சப்பில்லாத எதையாவது பேசிச் சிரிக்க வேண்டும். அது நடக்காமலே அவள் வளர்ந்து, படித்து, வேறு ஊருக்குப் போய்விட்டால்? கடைசி வரை தான் இந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவன் மாதிரிதானா? இந்தப் பயம்தான் அவனை அரித்தது.

டிவிக்குக் கீழே ஒரு பெட்டி பூப்போட்ட துண்டால் மூடிக் கிடந்தது. வீடியோ கேம் பெட்டி. அதை யாரும் தொட்டு அவன் பார்த்ததில்லை. ஒரு நாள் அனுப்பிரியாவிடம் கேட்டான்.

"லாந்தர் கோஸ்ட்னு ஒரு கேம். பாகம் பாகமா வரும். அப்பனும் பொண்ணும் ஒக்காந்தா சோறு தண்ணி வேணாம். அஞ்சு பாகம் முடிச்சாங்க. அவரு போனதுலேருந்து துண்டு போட்டு மூடிட்டா. நானும் எடுன்னு சொல்லல."

எழிலனுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. அடடா, வழி இங்கேதான் இருக்கிறது! அந்தத் துண்டைத் தொடக் கூடாது என்கிற அறிவு அவனுக்கு இருந்தது, அதுவரைக்கும் நல்லது. லேபில் கூட வேலை பார்க்கும் ஆன்டோவைப் பிடித்தான். கடலூர் முதுநகரில் ஆன்டோ வீட்டில் ஒரு ஷெல்ப் முழுக்க கேம்தான். கல்யாணம் ஆகாதவன், அவனுக்கென்ன. ஷிப்ட் முடிந்து அங்கேயே போய்க் கேட்டான்.

"மச்சான், லாந்தர் கோஸ்ட் ஆடணும்டா. எத்தனாவது பாகத்துலேருந்து ஆரம்பிக்கிறது?"

கேட்டிருக்கவே கூடாது. ஆன்டோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "இதுல பெரிய சண்டையே இருக்குது மச்சான். ஒண்ணாவது ரொம்பப் பழசு. படம் கட்டை கட்டையா தெரியும், கண்ணு வலிக்கும். ரெண்டாவது போரு. நாலாவதுல வர்ற கதைதான் ஒண்ணாவதுக்கும் முன்னாடி நடக்குது. அதனால நாலுலேருந்து ஆரம்பின்னு சில பேரு சொல்லுவானுங்க. ஆனா நாலை மொதல்ல ஆடிட்டா ஒண்ணுல இருக்குற ரகசியம்லாம் புஸ்ஸுன்னு போயிடும். பேசாம புதுசா ஆறாவது வந்துருக்குது, அதப் போடு. பழைய கதை எதுவும் தெரிய வேணாம், புது ஆளுங்களுக்குன்னே பண்ணது. ரெண்டு பேரு ஒக்காந்தாத்தான் ஆட முடியும், நான் வர்றேன்."

"வேணாம். ஒண்ணுலேருந்தே போடு."

"கண்ணு வலிக்கும்டா!"

"வலிக்கட்டும். முன்னாடி என்னென்ன நடந்துச்சுன்னு தெரியாம நடுவுல போயி ஒக்காந்தா நல்லாவா இருக்கும்?"

ஆன்டோ ஒரு மாதிரி பார்த்தான். பிறகு டிஸ்கைத் துடைத்துப் போட்டான்.

காலை ஷிப்ட் முடிகிற நாட்களில் எழிலன் நேரே முதுநகருக்குப் போனான். முப்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக அந்த ரிமோட்டைக் கையில் பிடிக்கிறவனுக்கு எது மேலே எது கீழே என்றே தெரியாது. மைரா என்ற பெண் கையில் லாந்தரோடு படகில் நிற்பாள். அவளைக் கரை சேர்க்க வேண்டும். எழிலன் அவளைப் பாறையிலே மோதினான், சுழலில் விட்டான், கொக்கிடம் கொத்து வாங்க வைத்தான். ஆன்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆனாலும் விடவில்லை. முதல் பாகம் முடிந்தது, போரான இரண்டாவதும் முடிந்தது. போகப் போக அவனுக்கே கதை பிடித்துவிட்டது. இந்த இடத்தில் அறிவழகன் என்ன சொல்லியிருப்பார், கயல் எப்படிக் கத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வான். போட்டோவில் மட்டும் பார்த்த அந்த மனுஷன்மேல் அவனுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது, சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூன்றாவதில், தம்பி துரத்தி வரக் கூடாதென்று மைரா தன் ஊர்ப் பாலத்துக்குத் தானே தீ வைக்கிற இடத்தில் எழிலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேரும் இட்லி சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"கயலு, நம்ம மைரா அந்தப் பாலத்தக் கொளுத்துறாளே, அங்க நான் அழுதே போயிட்டம்மா."

கயல் கையில் இருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தாள்.

"நம்ம மைராவா?"

எழிலன் சிரித்த முகம் சிரித்தபடியே நின்றுவிட்டது. நாம் என்ன நினைத்துக்கொண்டா பேசுகிறோம்? நம்ம ஊர், நம்ம பஸ், நம்ம டீக்கடை என்று எல்லாவற்றுக்கும் ஒரு நம்மவை ஒட்டிவிடுவது நம் வாய்ப்பழக்கம். அவனும் அப்படித்தான் சொன்னான்.

"அது நாங்க ஆடுனது," என்றாள் கயல். "நானும் எங்கப்பாவும் ஆடுனது. அதுல யாரு ஒங்கள வரச் சொன்னா?"

"கயல்!" அனுப்பிரியா அதட்டினாள்.

"விடு அனு. அவளத் திட்டாத," என்றான் எழிலன். கயல் எழுந்து போய்விட்டாள். அவன் மிச்ச இட்லியைச் சாப்பிட்டு முடித்தான். அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை என்பதுதான் அவனை அதிகம் வருத்தியது. அவள் அப்பாவோடு இருந்த வீட்டுக்குள் கேட்காமல் கொள்ளாமல் நுழைந்துவிட்டு, அன்பாக வந்தேன் என்றால் ஆச்சா?

அதற்குப் பிறகு முதுநகர் பக்கமே போகவில்லை. "என்னா மச்சான், பாதியில விட்டுட்ட? நாலாவதுதான் இருக்குறதுலயே டாப்பு," என்று ஆன்டோ கேட்டதற்கு, "எனக்கு அங்க வேலையில்லடா," என்று மட்டும் சொன்னான். வீட்டில் கயல் மொட்டையாகக்கூடப் பேசுவதைக் குறைத்துவிட்டாள். அனுப்பிரியா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்கு முந்தைய ஒரு சாயங்காலம், எழிலன் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வெளியே வந்தான். ஆட்டோக்களுக்கு நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கயல் நின்றிருந்தாள். டியூஷன் விட்டு வருகிற வழி இது இல்லையே என்று அவனுக்குத் திக்கென்றது.

"என்னம்மா, அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அவனும் கூடவே நடந்தான். தெற்கு வீதி திரும்பியதும்தான் கேட்டாள்.

"எது வரைக்கும் ஆடுனீங்க?"

"மூணாவதுல. பாலம் எரிஞ்சு, அந்தத் தீவுல போயி ஏறுற வரைக்கும்."

"அப்பறம்?"

"அதோட விட்டுட்டேன். நீ சொன்னது சரிதான். நான் கேட்டிருக்கணும்."

கயல் கொஞ்ச தூரம் பெல்லை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். "ரெண்டாவது கூட ஆடுனீங்களா? செம போரு. எங்கப்பாவே பாதியில தூங்கிட்டாரு."

"நானும் தூங்கிட்டேன். ஆன்டோதான் எழுப்புனான்."

களுக்கென்று சிரித்தாள். சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழிலன் மூச்சு விடக்கூடப் பயந்து நடந்தான்.

"ஒண்ணுலேருந்து எதுக்கு ஆரம்பிச்சீங்க? அத யாருமே ஆட மாட்டாங்க."

"முன்னாடி நடந்தது தெரியாம ஒன் பக்கத்துல வந்து ஒக்காரக் கூடாதுன்னு நெனச்சேன்."

சைக்கிள் நின்றது. பூக்கடை வெளிச்சத்தில் அவள் கண் பளபளத்தது.

"முன்னாடி நடந்தத நான் சொல்றேன்," என்றாள். "எங்கப்பா எங்கெங்க தோத்தாரு, எப்படித் திட்டுவாரு, எல்லாம் சொல்றேன். ஆனா அத நீங்க ஆட வேணாம்."

"சரிம்மா."

"ஆறாவது வந்துருக்குது. நான் இன்னும் தொடல. கடலூர்ல கெடைக்குமா?"

"ஆன்டோகிட்ட இருக்குது. நாளைக்கே வாங்கிட்டு வர்றேன்."

கயல் சைக்கிளை மறுபடி தள்ளினாள். அவனைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அஞ்சு வரைக்கும் நாங்க ஆடுனது. ஆறுலேருந்து நாம ஆடலாம்."

பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தி, "யோவ், ரோடு என்ன ஒன் வூடா?" என்று கத்தினார். எழிலன் நடுத்தெருவில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினான்.