திரும்பி வந்த வெளிச்சம்

கணக்கில் புலி என்று யாரோ ஒருமுறை புகழ்ந்து தொலைத்தார்கள். அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் புலி என்றே பெயர். புலியும் அதை நம்பிவிட்டதுதான் கொடுமை. அவர் கண்ணுக்கு மற்றவர்கள் மனிதர்களாகவே தெரியவில்லை. அதிலும் தங்கையின் கணவர், லேசர் கூடத்தில் அளவெடுக்கும் பிரிவின் தலைவர், அவரைக் கண்டாலே ஆகாது. நேரில் "மாப்பிள்ளை" என்பார். முதுகுக்குப் பின்னால் "கண்ணாடி துடைக்கிறவன்" என்பார்.

இருவருக்கும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். விரல் நுனி அளவுக்கு ஒரு தங்கக் குப்பி. அதன் நடுவில் மிளகைவிடச் சிறிய எரிபொருள் உருண்டை. லேசர் குப்பிக்குள் பாய்ந்து அதைக் கொதிக்கவைக்க, அந்தச் சூட்டில் உருண்டை நசுங்கி, சூரியனுக்குள் நடப்பது அதற்குள்ளும் நடக்க வேண்டும். ஆனால் குப்பியின் சுவர் ஆவியாகிப் பிளாஸ்மாவாக வழியை மறித்துக்கொள்ளும். அதில் எழும் அலைகள் வந்த ஒளியில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி விரட்டிவிடும். எவ்வளவு திரும்பியது என்று அளப்பவர் மாப்பிள்ளை. மிச்சம் உள்ளே போனதை வைத்துக் கணக்குப் போடுபவர் புலி.

வாராந்தரக் கூட்டத்தில் மாப்பிள்ளை பேச எழுந்தால், புலி டீக் கோப்பையோடு வெளியே போய்விடுவார். இத்தனைக்கும் நேரம் சரியில்லை. அடுத்த ஷாட், அதாவது லேசரை ஒருமுறை பாய்ச்சிப் பார்க்கும் சோதனை, தேறாவிட்டால் கணக்குப் பிரிவையே கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. புலியின் கணக்கிலோ, குப்பிக்குள் போகும் ஒளி போதவே போதாது என்று வந்தது. பழைய ஷாட்டுகளோடு அது ஒத்துப்போகவில்லை. அது அளந்தவனின் லட்சணம் என்று தள்ளிவிட்டு, லேசரின் பலத்தைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு.

"அண்ணா, ஷாட்டுக்கு முன்னாடி இவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்களேன்."

"எதுக்கும்மா? அவர் கண்ணாடியப் பாத்துக்கட்டும், நான் கணக்கப் பாத்துக்கறேன்."

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

ஷாட் நடந்தது. கூட்டிய பலம் பிளாஸ்மாவுக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று. அலைகள் பொங்கி எழுந்தன. ஒளி முன்பைவிடப் பல மடங்கு திரும்பியது. அந்த அலைகள் வாரி எறிந்த எலக்ட்ரான்கள் உருண்டைக்குள் புகுந்து எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கிவிட்டன. சூடேறிப்போனதை நசுக்க யாராலும் முடியாது. எல்லாத் திரையிலும் பூஜ்யம்தான்.

புலி வாழ்க்கையில் முதல்முறையாக மாப்பிள்ளையின் அறைக்குள் போனார்.

"மாப்பிள்ளை, நீங்க கொடுத்த அளவு தப்பு."

"தப்பே இல்ல மச்சான். திரும்பி வந்ததக் கழிச்சிட்டு, உள்ள போனத மட்டும்தான் அனுப்பறேன்."

"கழிச்சிட்டா?" அதே ஒளியைப் புலியும் தன் கணக்கில் இன்னொரு முறை கழித்துக்கொண்டல்லவா இருந்தார்; ஒளி போதாமல் வந்தது அதனால்தான்! "எப்பலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து. கூட்டத்துல சொன்னேன். நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க."

"நான் மறுபடி கழிக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"உங்க வரைபடத்தப் பார்த்த அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"கண்ணாடி துடைக்கிறவன் சொல்லியா புலி கேக்கப்போகுது?" மாப்பிள்ளை சாய்ந்து உட்கார்ந்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த முகம் அது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மேசைமேல் போன் அடித்தது. கூடத்திலிருந்து டெக்னீஷியன்.

"சார், திரும்பி வந்த வெளிச்சம் தாங்காம லென்ஸ் எல்லாத்துலயும் விரிசல். ஒண்ணுகூடத் தேறாது. கூடத்தையே மூடச் சொல்லிட்டாங்க."

ஒளி எவ்வளவு திரும்பும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் மாப்பிள்ளை; அது தன் லென்ஸ்மீதுதான் வந்து விழும் என்பது மட்டும் அந்தக் குரோதத்தில் தோன்றவே இல்லை.

வேலை போன இருவரும் சாயங்காலம் ஒரே மேசையில் உட்கார்ந்து, தங்கையிடம் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொன்னார்கள். அவள் முழுவதையும் கேட்டாள்.

"ஒரு நிமிஷப் பேச்சு. அது முடியல உங்களால. உங்க ரெண்டு பேருக்கும் வாய் எதுக்கு இருக்கு, திங்கறதுக்கு மட்டுமா?"

பரிமாறியிருந்த இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.